பிழைத்த பலகைகள்

படகின் கூரைக்குப் பன்னிரண்டு பலகை.
தேக்காகத் தெரியவேண்டும்,
ஒற்றைக் கையால் தூக்கவேண்டும் என்றார் பிலேந்திரன்.
எழுவைதீவுக்கு ஓடுகிற படகு.
மேலே பாரம் கூடினால் சோளகக் காற்றில்
ஒரு பக்கம் சாய்ந்து நின்று யோசிக்குமாம்.
தேக்கு வேணும், தேக்கின்ர பாரம் வேண்டாம்.
சரி என்றேன்.
முற்பணத்தை வாங்கிய பிறகுதான் பயம் வந்தது.

கடதாசித் தேனடை கொழும்பிலிருந்து
பழைய பத்திரிகைக் கட்டுப்போல ஒடுங்கி வந்தது.
நானும் கலிஸ்ராவும் ஆளுக்கொரு நுனி பிடித்து இழுக்க
அறை அறையாகத் திறந்துகொண்டே போனது
கொட்டிலின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும்.
ஒரு தேனீ இல்லை.
"எங்கட ஒழுங்கை மாதிரி" என்றாள்,
"எல்லாம் வீடு, ஒருத்தரும் இல்லை."

பம்தான் அழுத்தும் என்று நினைத்திருந்தேன்.
அது எதையும் அழுத்துவதில்லை.
பைக்குள் கிடப்பதை எடுத்து வெளியே விடுகிறது,
அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.
அழுத்துவது வெளியே நிற்கிறது:
கொக்குவிலின் மேல் கிடக்கும் அத்தனை காற்றும்,
பக்கத்து வீட்டு மீன்பொரியல் வாசத்தோடு,
ரயில் கடவை மணியோடு,
சதுர மீற்றருக்குப் பத்துத் தொன்.
பிறந்த நாள் தொட்டு எங்கள் தலையிலும் அதுதான்.
உள்ளேயும் அதே காற்று என்பதால்
நசியாமல் கடைக்குப் போய் வருகிறோம்.

முதல் பலகையில் ஆசைப்பட்டு
முள்ளைக் கடைசிக் கோடு வரை இறக்கினேன்.
காலையில் பை திறந்தால் கண்ணாடி மாதிரி இருந்தது.
கலிஸ்ரா யன்னலைத் திறந்தாள்.
சாய்ந்து விழுந்த வெயிலில்
தேக்குத் தோலுக்கு அடியிலிருந்து
அறுகோணங்கள் எழும்பின,
காய்ந்த மாட்டின் விலாப்போல, ஒன்றும் மிச்சமில்லாமல்.
கையால் தடவினால் தெரியாது.
ஆனால் கூரைக்குக் கீழே கடல்.
கடல் வெளிச்சம் கீழிருந்து மேலே அடிக்கும்.
அது எதையும் மூடிவைக்காது.

பிழைச்சுப் போச்சு என்றேன்.

இரண்டாவதற்கு
தேனடைக்கும் தோலுக்கும் நடுவில் மெல்லிய ஒட்டுப்பலகை,
சட்டத்தின் மூலையில் மூச்சுவிட ஒரு துளை,
முள் பாதியில்.
பசை பிடிக்க நாலு மணித்தியாலம்.
எட்டு நாற்பதுக்குக் கரண்ட் போனது.

பம் நின்ற பிறகுதான் கேட்டது, பை எங்கேயோ கசிவது.
சீலைக்குள் பாம்பு மாதிரி ஒரு சத்தம்.
ரோச் வெளிச்சத்தில் முள் மெல்ல மெல்லத் திரும்பிவந்தது.
பொலித்தீன் தளர்ந்து, பலகையின் விளிம்பில்
முதல் சுருக்கம் விழுந்தது.

கலிஸ்ரா ஒன்றும் சொல்லவில்லை.
ஸ்கூட்டியை யன்னலடிக்குத் தள்ளிவந்து
இருக்கையைக் கழற்றி
எஞ்சின் மூச்சிழுக்கிற சின்னக் குழாயை அறுத்து
நடுவில் ஒரு முக்கிளை செருகினாள்.
எங்கள் பை ஸ்கூட்டியின் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது.
முள் இறங்கினால் ஸ்ரார்ட், ஏறினால் நிற்பாட்டு.
அந்தக் கிழமைக்குக் கிடைத்த பெற்றோல் நாலு லீற்றர்.
அதில் ஒரு சொட்டுக்கூட ஓர் அடி தூரம் போகவில்லை.
பதினொன்று பத்துக்குக் கரண்ட் வந்தபோது
அவள் கழுத்தில் புகைக்கரி,
நான் கசிவின் மேல் கட்டைவிரலை வைத்தபடி
நித்திரை.

விடிய யன்னலைத் திறந்தோம்.
வெயில் வந்து பலகையில் படுத்தது.
எழும்பி ஒன்றும் வரவில்லை.
தட்டினேன். உள்ளே தூரத்தில் யாரோ கதவைத் தட்டியதுபோலக் கேட்டது.
பிழைச்சிட்டுது என்றாள் கலிஸ்ரா.
நேற்று நான் சொன்ன அதே சொல்.

பன்னிரண்டும் குறிகட்டுவானுக்குப் போயின.
பிலேந்திரன் ஒன்றை ஒற்றைக் கையால் தூக்கி
நம்பாமல் முகர்ந்து பார்த்தார்.
உள்ளுக்கு என்ன?
கடதாசி.
வேற?
மூலைத் துளையால் திரும்பிப் போய் இருந்துவிட்ட
கொக்குவில் காற்று. அதைச் சொல்லவில்லை.

முதல் பலகை இப்போது எங்கள் சாப்பாட்டு மேசை.
பின்னேரம் வெயில் சாய
அறுகோணங்கள் எழும்பும்.
தேத்தண்ணிக் கோப்பையை எப்படியாவது
ஓர் அறைக்குள் சரியாக வைக்கப் பார்ப்பாள் கலிஸ்ரா.
கோப்பை கொஞ்சம் பெரிசு.