ஒன்றரை அடி

ஒற்றைப் பக்கக் கடிதம்.
சந்திக் கொமினிகேசனில
பதினைஞ்சு ரூபாயோட முடியிற வேலை.
ஆனா அங்க மெசினடியில நிக்கிறவன்
பூபாலரெத்தினத்தார்ர மருமகன்.
தாள் சூடாறுறதுக்குள்ள
களுவாஞ்சிகுடி முழுக்கத் தெரிஞ்சிரும்,
நாங்க அவங்களுக்கெதிரா
பிரதேச செயலகத்துக்கு எழுதுறம் எண்டு.

அதனால
கல்முனைக்குப் போய்
முப்பத்தெட்டாயிரத்துக்கு ஒரு பிறிண்டர்.

றிஜிபோம் உருண்டைகள்
கச்சான் காத்தில கிறுகிக் கிறுகி
கட்டிலுக்குக் கீழ போகுது.
செம்மஞ்சள் டேப்பெல்லாம் உரிச்சாச்சு.
மை ஊத்தியாச்சு,
என்ட பெருவிரல் கறுப்பு.
நீல லைட் மினுங்குது,
மினுங்குது,
மினுங்குறதைத் தவிர அதுக்கு வேற தொழில் இல்ல.

உங்கட வைபை இஞ்ச இல்ல எண்டு
சின்னத் திரையில சொல்லுது.
இல்லையாம்!
அதே மேசையில, ஒரு சாண் தள்ளி,
றவுட்டர் நாலு பச்சைக் கண்ணால
முழிச்சிக்கிட்டு இருக்கு.

அணைச்சன். இருபது எண்ணினன்.
பட்டனை மூணு செக்கன் அமத்தினன்,
பிறகு அஞ்சு,
பிறகு கோவம் ஆறும் வரைக்கும்.
இவர் வந்து
‘யன்னல் பக்கம் திருப்பி வையன்’ எண்டார்,
பழைய ரேடியோ எண்ட நினைப்பில.
ஒவ்வொரு முறையும் கடிதத்தை அனுப்பிப் பார்த்தன்.
லப்டொப் ‘அனுப்பியாச்சு’ எண்டுது.
எங்க அனுப்பிச்சுதோ.

மறுகா, ரெண்டு பட்டனை ஒண்டா அமத்த
கரகரத்து ஒரு தாளைத் தள்ளிச்சு.
முதல் தாள்.
தன்ட காதுக்குக் கேக்கிற வைபையெல்லாம்
வரிசையா அடிச்சிருந்திச்சு:

பூபாலன் ஹோம் – மிக நன்று
தையல் கடை – பலவீனம்

அவ்வளவுதான். நாங்க இல்ல.
முப்பத்தெட்டாயிரம் குடுத்து வாங்கினது
வேலிக்கு அங்கால ஆளைத்தான் தெரியும் எண்டுது.

ரியூசன் விட்டு வந்த கேதுஷன்
சைக்கிளைச் சாத்தினபடி தாளைப் பார்த்தான்.
‘அம்மா, நம்மட றவுட்டர் அஞ்சில ஓடுது.
இதுக்கு ரெண்டு தசம் நாலுதான் கேக்கும்.’
அதென்னடா வித்தியாசம்?
‘அஞ்சு வேகம். ஆனா சுவர் வந்தா களைச்சிரும்.
மற்றது மெதுவு,
சுவர், வேலி ஒண்டும் பாக்காம போகும்.’
ஆருடா அஞ்சில போட்டது?
சட்டைப் பட்டனைத் தடவினான்.
‘கேமுக்காக.’

கையில போனோட நாலஞ்சு நிமிசம்.
நீல லைட் அசையாம நிண்டிச்சு.

நான் மூச்சு விடுறதுக்குள்ள
பிறிண்டர் தானா எழும்பிச்சு.
ஐயா, மேற்படி எமது வளவின் வடக்கு எல்லையில்…
ஐயா, மேற்படி எமது வளவின்…
நிப்பாட்டினாலும் நிக்கல்ல.
மத்தியானத்தில இருந்து அனுப்பினதெல்லாம்
இருந்து வட்டியோட வருது.
ஏழு.
செயலகம் கேட்டது மூண்டு.

அஞ்சாவதை எடுக்கேக்கதான் கண்ணில பட்டுது.
மேல ‘ஒன்றரை அடி’.
கீழ, கையெழுத்துக்குப் பக்கத்தில, ‘ஒன்றேகால் அடி’.
‘எது சரி?’ எண்டு இவரிட்டக் கேட்டன்.
செருப்போட ஒருக்கா,
செருப்பில்லாம ஒருக்கா
அளந்தவராம்.

நாடா பிடிச்சு அளக்கோணும்.

நாடா அவங்கட வீட்டில.
சீமெந்துக் கட்டை நடக்குள்ள
கேட்டு வாங்கினவங்க,
இன்னும் தரல்ல.