எட்டு கிலோமீட்டர்

செக்காலை ரோட்டில், பம்புசெட் கடைக்கு மேலே
ஏழு மணி வகுப்பு.
இன்றைய சொல்: ஃபார்.
பக்கத்தில் தமிழில் தூரம் என்று எழுதினேன்.
முன்வரிசையில் இரண்டு பெண்கள்
துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு குனிந்தார்கள்.
சரி, மூன்று நாள் விவகாரம்.
அழித்துவிட்டுத் தொலைவு என்று போட்டேன்.
‘தொலைஞ்சு போன்னு சொல்றமே, அந்தத் தொலையா மிஸ்?’
என்றார் சவரிமுத்து.
நாற்பத்திரண்டு வயது. புதுவயல் அரிசி ஆலையில்
மூட்டை எடை போடுகிறவர்.
அடுத்த மாதம் கத்தார்.

புத்தகம் சொன்னதைச் சொன்னேன்:
இந்தச் சொல் கேள்வியில் வரும், எவ்வளவு தூரம் என்று.
மறுப்பில் வரும், தூரமில்லை என்று.
ஆமாம், தூரம்தான் என்று நேராகச் சொல்ல
வெறும் ஃபார் அவ்வளவாக ஒட்டாது.
எ லாங் வே என்று சுற்றிப் போகவேண்டும்.

சோ ஃபார் என்றால் இதுவரை.
அதில் மைல்கல் கிடையாது, காலண்டர்தான்.
ஃபார் பெட்டர், எவ்வளவோ மேல்.
ஃபார் ஃப்ரம் ஹேப்பி என்றால்
சந்தோஷத்துக்கும் நமக்கும் நடுவே பஸ் இல்லை.
இந்த உதாரணம் என்னுடையது. சிரித்தார்கள்.

ஆளுக்கொரு வாக்கியம்.
உமையாள்: குன்றக்குடி இஸ் நாட் ஃபார்.
நசீமா: ஹவ் ஃபார் இஸ் யுவர் ஹவுஸ்?
சவரிமுத்து எழுந்து, சட்டைப்பையைத் தடவி,
‘மை ஒய்ஃப் இஸ் எய்ட் கிலோமீட்டர்ஸ் அவே’ என்றார்.
இலக்கணம் சுத்தம்.
கண்டனூர், தாய்வீடு.
மாசியில் போனவள். இப்போது ஆடி.
தினமும் அந்த ஊரைத் தாண்டித்தான்
ஆலைக்குப் போகிறார்.

எட்டு என்றால் எண். எட்டு என்றால் தொடு.
எட்ட நில் என்றால் தொடாதே.
இதை நான் பலகையில் எழுதவில்லை,
இது ஆங்கில வகுப்பு.

‘சோ ஃபார், நோ போன்.’
அடுத்ததையும் அவரே சொன்னார், யாரும் கேட்காமல்.
பிறகு என்னிடம்:
‘நாட் ஃபார்னு சொல்லலாமில்ல மிஸ்? எட்டுதானே.’
சொல்லலாம்.
‘கத்தாருக்கு?’
எ லாங் வே.
நோட்டில் தமிழெழுத்தில் எழுதி விரல்விட்டு எண்ணினார்.
‘மூணு வார்த்தை ஆகுதே.’

பூட்டிவிட்டு நான் இறங்கியபோது
புதுவயல் பஸ், கண்டனூர் வழி, வந்து நின்றது.
காலையில் பார்த்துப் பழகிய கண்டக்டர் போலிருக்கிறது,
படியில் தொங்கியபடி கேட்டார்:
‘என்னண்ணே இந்நேரத்துல? ஏறுறீங்களா?’
அவர் கடை விளக்கின் கீழே
நோட்டைப் பிரித்துப் பிடித்திருந்தார்.
வாய்க்குள்ளேயே,
நாட் ஃபார்,
நாட் ஃபார்.
விசில் கொடுத்துவிட்டார்கள்.