இரண்டு மணி நேரம் கழித்து

பழைய அலுமினியக் குண்டான்.
அடியில் ஓலைக்குடாவில் அள்ளிவந்த மணல்,
உப்புப் போக ஏழு தண்ணீர் கழுவிக் காயவைத்தது.
மேலே ஒரு முக்காலி, அதன்மேல் கேக் தட்டு.
தங்கச்சிமடத்தில் கரண்டு போனாலும் வேகும்
என் பேக்கரி இதுதான்.

பிறந்தநாளுக்கும் புதுநன்மைக்கும்
பதினோரு வருடமாய் இந்த மணலில் சீனி உருகியது.
சீனி வேறு, சுகர் வேறு என்றுதான்
பிரிட்டோ நினைத்திருந்தார்.
சீனி டீயில் போடுவது.
சுகர், மதுரையில் கால்விரலை எடுத்துக்கொள்வது.

சீனியை நிறுத்திய பிறகுதான் தெரிந்தது
அது இனிப்புக்கு மட்டும் வந்த ஆள் இல்லை என்று.
ஈரத்தைப் பிடித்து வைத்தது அது.
மேல்தோலைச் சிவக்க வைத்தது அது.
வெண்ணெய்க்குள் காற்றை அடைத்து
மாவைத் தூக்கி நிறுத்தியதும் அதுதான்.
அது போனதும் கேக்
வத்தலில் தரைதட்டிய படகாய்ச் சாய்ந்து கிடந்தது.

“கருப்பட்டி போடு. நம்ம பனை, ஒண்ணும் செய்யாது”
என்றாள் கம்பெனியில் இறால் உரிக்கும் லூர்துராணி.
போட்டேன். தெரு முழுக்க வாசம்.
இரண்டு மணி நேரம் கழித்து
விரலில் ஊசி வைத்தால்
பலகையில் ஆணி மடங்குவது போல் முட்டி நின்றது.
கயிறு இழுத்துக் காய்த்த விரல்.
மோதிர விரலின் ஓரத்தில் மட்டும்
கொஞ்சம் மனிதத் தோல் மிச்சம்.
அங்கே ஒரு சொட்டு.
263.
நம்ம பனைதான்.
ரத்தத்துக்கு ஊர்ப்பாசம் கிடையாது.

மைதாவைப் பாதியாக்கினேன்.
ராமநாதபுரத்தில் பாதாம் மாவு விலை கேட்டு
பொட்டலத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு
பஸ் ஏறினேன்.
பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையை
மாடியில் காயவைத்துப் பொடித்தேன்.
(காக்கை விரட்டியது தனிக் கதை.)
அந்த மாவு எவ்வளவு ஊற்றினாலும் குடித்தது,
இன்னும் இன்னும் என்றது.
தபாலில் வந்த வெள்ளைத் தூள்
இனித்தது, கூடவே
நாக்குக்குள் ஐஸ்பெட்டியைத் திறந்து வைத்தது.

டீசல் கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதினேன்:
231.
204.

பிறகு, கடலுக்குப் போகாத நாட்களில்
வலை பொத்தப் போகும்போது துண்டு கட்டிக் கொடுத்தேன்.
பத்து மணிக்குத் தின்பார்,
பன்னிரண்டுக்கு வந்து விரலை நீட்டுவார்.
138.
நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.
141. 129.
லூர்துராணியிடம் சொன்னேன்,
கோழிக்கடைக்காரரிடம் சொன்னேன்,
கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

மூன்றாவது வாரம் ஜெட்டியில்
படகுப் பையன் கென்னடி வாயெல்லாம் பல்லாக வந்தான்:
“கேக்கு சூப்பருக்கா.
அண்ணன் டெய்லி எனக்குத்தான் தர்றாரு.”

ஆக,
கென்னடி தின்ற கேக்குக்கு
பிரிட்டோவின் ரத்தத்தில் கணக்கு எழுதியிருக்கிறேன்.

ராத்திரி கேட்டேன்.
விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
“வாயில போட்டா சாக்கு மாதிரி இருக்கு.
ஆனா நம்பரப் பாத்து நீ சிரிச்ச.
கெடுக்க மனசு வரல.”

கோபம் வந்தது. எதன்மேல் என்று தெரியவில்லை.
நோட்டில் அந்த மூன்று எண்ணையும் அடித்தேன்.

மறுபடி.
புளிக்காத தயிர் இரண்டு கரண்டி,
ஒரு முட்டை கூடுதல்,
வறுத்த நிலக்கடலை கரகரப்பாய்,
கிராம்பும் ஜாதிக்காயும் கொஞ்சம் திமிராகவே,
ஒரு கிள்ளு உப்பு.
அந்த வெள்ளைத் தூளில் பாதி போதும்.
துண்டு, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. அவ்வளவுதான்.

இன்று என் கண்முன்னே உட்கார்ந்து தின்றார்.
கச்சான் கதவை அடித்துக்கொண்டிருந்தது.
இரண்டு மணி நேரம்
நாங்கள் எதையும் பேசி முடிக்கவில்லை.
மோட்டார் பெல்ட் விலை, பாம்பனில் ஏறிய கூண்டு,
இல்லாத விரல் ராத்திரியில் அரிப்பது.

167.
ஊரெல்லாம் சொல்லும் எண் இல்லை.
அவரே தின்ற எண்.

எழுதி முடித்து நிமிர்ந்தால்,
குத்திய அதே விரலால்
தட்டின் ஓரத்தில் ஒட்டிய துகளை
ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருக்கிறார்.
இதை நோட்டில் எந்தப் பக்கம் எழுத?