பதினொன்றாவது பலகை

கழகத்தின் எழுபத்தைந்தாம் ஆண்டு மலர்
இரண்டு கிலோ இருக்கும்.
ஒரு பக்கம் ஜேர்மன், மறுபக்கம் பிரெஞ்சு,
பீல் நகரத்துத் தெருப்பலகைகள் போலவே.

நாற்பத்தெட்டில் தொடங்குகிறது கதை.
டிராம் கொட்டகைக்குப் பின்னால் தார் போட்ட வெளி.
உடற்பயிற்சி ஆசிரியர் அர்மான் ஜோபன்
கொல்லனிடம் சொல்லி இரண்டு வளையம் அடித்தார்.
வலை வாங்கக் காசில்லை.
பந்து உள்ளே போனதா இல்லையா என்று
முதல் ஆட்டம் முழுக்கச் சண்டை.
ஊருக்குள் ஓடும் ஆற்றின் பெயரையே வைத்தார்கள்: ஷூஸ்.
பனி கொட்டினால் ஆடுபவர்களே வாரித் தள்ளினார்கள்.

பிறகு மண்டபம். பிறகு முதற்பிரிவு.
அறுபத்தொன்பதில் கடன்; சீருடை கூட ஏலத்தில் போனது.
எழுபத்தாறில் ஒஹையோவிலிருந்து டெல்மர் பிரிட்ஜஸ்,
ஆறடி ஒன்பதங்குலம்.
பேருந்தில் அவர் கழுத்தை மடித்து நிற்பதைக் கண்டுதான்
பாதி ஊர் கூடைப்பந்து பார்க்க வந்ததாம்.
இதெல்லாம் நான் வாசித்தது.

நான் பார்த்தது தரை.

தொண்ணூற்றொன்றில் வேலை கிடைத்தது.
ஆட்டம் நின்றதும் ஓடிப்போய் வியர்வை துடைக்க வேண்டும்,
இருபது எண்ணுவதற்குள் திரும்ப வேண்டும்.
குகதாசன் குகா ஆனான்.
எவன் எங்கே வழுக்குவான் என்று
பயிற்சியாளருக்கு முன்னம் எனக்குத் தெரியும்.

வடக்குக் கூடைக்கு இடப்பக்கம்,
சுவரிலிருந்து பதினொன்றாவது பலகை.
அதில் பந்து எழும்பாது.
ஈரச்சாக்கில் விழுந்த தேங்காய் மாதிரி
ஒரு சத்தம், அவ்வளவுதான்.
கீழே குழாய் ஒழுகித் தாங்குமரம் இற்றிருந்தது.
தவழ்ந்து போய் டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
அகராதி வைத்து முறைப்பாடு எழுதினேன்,
இரண்டு மொழியிலும்.

மேலாளர் ஷ்டுக்கி வாசித்தார்.
மறுபடி வாசித்தார்.
நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.
"நல்லது குகா, பிறகு பார்ப்போம்."
ஜனவரியில் மணிக்கு இரண்டு பிராங் கூடிற்று.

அந்தப் பருவம் எங்கள் பையன்கள்
எதிராளியை இடப்பக்கமே ஒதுக்கினார்கள்.
யார் சொல்லிக் கொடுத்தது, நான் கேட்கவில்லை.

தொண்ணூற்றாறு, ஏப்ரல், இறுதி ஆட்டம்.
ஏழு விநாடி மிச்சம். ஒரு புள்ளி முன்னே நாங்கள்.
ரோன் பள்ளத்தாக்கிலிருந்து வந்த பத்தொன்பது வயசுப் பையன்,
அன்று முழுக்க எவரும் நிறுத்த முடியாதவன்,
இடப்பக்கம் வந்தான்.
பந்தைத் தட்டினான்.
கை காத்திருந்தது. பந்து வரவில்லை.
முழங்காலில் பட்டுக் கோட்டுக்கு வெளியே போயிற்று.

நாலாயிரம் பேர் எழும்பிக் கத்தினார்கள்.
அவன் தரையைப் பார்த்தான்.
பிறகு துடைப்பத்தோடு நின்ற என்னைப் பார்த்தான்.
நான் போய் அந்த இடத்தைத் துடைத்தேன்.
அங்கே ஈரமே இல்லை.

அடுத்த எட்டு வருடத்தில் ஐந்து கிண்ணம்.
"இரும்புத் தடுப்பாட்டம்" என்கிறது மலர்,
நூற்று நாற்பத்திரண்டாம் பக்கம்.
அதுவும் உண்மைதான், பொய் சொல்லக் கூடாது.
உடைந்த மூக்கோடு ரெமி வுய்லெமியே
கடைசிக் கால்மணி ஆடியதை நான் கண்டேன்.
சொட்டியதெல்லாம் நான்தானே துடைத்தது.

இப்போது புது மண்டபம்.
பழைய தரையை உள்ளங்கை அளவாய் அறுத்து
துண்டு இருபது பிராங்குக்கு விற்றார்கள்.
நடுவட்டத்துக்கு வாசல் வரை வரிசை.
நான் கேட்டதை வேறு எவரும் கேட்கவில்லை.
தச்சன் பாதி விலைக்குத் தந்தான்.

சமையலறையில் வைத்து
மகனின் பந்தை அதன்மேல் விட்டேன்.
இடுப்பளவு எழும்பிற்று.
மறுபடி விட்டேன்.
நல்ல மேப்பிள். ஒரு குறையும் இல்லை.
கீழ்வீட்டுக்காரி தும்புத்தடியால்
கூரையை இடிக்கும்வரை
விட்டுக்கொண்டே இருந்தேன்.