ஒரு சாண்

கடலே இல்லாத நாட்டில்,
ஓஸ்த்ராவாவில், நான்காம் மாடியில்,
பொட்டல உப்பைக் கரைத்துச் செய்த
முந்நூறு லிட்டர் கடல்.

வெளியே
அணைந்துபோன இரும்பாலையின் மேல் பனி.
உள்ளே எப்போதும் இருபத்தைந்து டிகிரி.
கடல் ஒருநாள் தன் தலையில் விழும் என்று
கீழ்வீட்டுக் கத்லெத்ஸ்
இதுவரை இரண்டு புகார் எழுதியிருக்கிறார்.

ஸ்லாவ்கா எட்டாம் எண் டிராம் ஓட்டுகிறாள்.
தொட்டி அவளுடையது,
தொட்டிக்கான கடன் தம்பியுடையது.
அந்த உரிமையில்
ஓதகார் கேட்காமல் வாங்கி வருவான்
கோட்டுக்குள், வெந்நீர்ப் புட்டியோடு சுற்றி,
எல்லை தாண்டிய சரக்கைப் போல.

கேலக்ஸியா அப்படி வந்தது.
எலுமிச்சை அளவு. உடம்பெல்லாம்
பச்சை நட்சத்திரம்.
"மூன்று விரற்கடை போதும் இதுக்கு" என்று
டார்ச் பவளத்தின் பக்கத்தில் ஒட்டினான்.

டார்ச், ஏழு வருடக் குடித்தனம்.
விரல் நுனிதோறும் மஞ்சள் விளக்கு ஏற்றி
நீரோட்டம் சொன்னதற்கெல்லாம்
தலையாட்டுகிற சாது.

இரண்டாம் வாரம்
அதன் ஒரு தலையில் சதை விலகி
வெள்ளையாய் எலும்பு.
மூன்றாம் வாரம் இன்னொரு தலை.

சந்தேகம் நண்டின் மேல் போனது.
கால் இருப்பவன் மேல்தானே
முதலில் போகும்.
விசாரணை இல்லை.
இடுக்கியால் பிடித்துக் கீழ்த்தொட்டியில்
வடிகட்டிப் பஞ்சுக்கும் பம்பு இரைச்சலுக்கும் நடுவே
அடைத்தான் ஓதகார்.

நான்காம் வாரம்
மூன்றாவது தலை.

கடைசி டிராமை டெப்போவில் விட்டு
இரண்டு நாற்பதுக்கு வீடு வந்தவள்
பூட்ஸ் கழற்றாமல்
சைக்கிளின் பின்விளக்கைக் கழற்றி
அந்தச் சிவப்பில் பார்த்தாள்.

பகலில் எலுமிச்சை.
இரவில் அதற்குக் கை முளைத்திருந்தது.
கண்ணாடி நூல்கள்,
நுனியில் வெள்ளை முடிச்சு,
நீர் தள்ளும் பக்கமெல்லாம் மெல்லத் தடவிக்கொண்டு.
கோபம் இல்லை அதில்.
இருட்டில் சுவிட்சைத் தேடுகிற கை அவ்வளவுதான்.
தொட்ட இடத்தில்
டார்ச் ஒரு விளக்கை உள்ளே இழுத்துக்கொண்டது.

இன்னும் கொஞ்சம் விளக்கை நகர்த்தினாள்.
மூலையில் மூளைப் பவளம்
தன் குடலையே வாய்வழி வெளியே போட்டு
அண்டை வீட்டுக்காரனை
அவன் வாசலிலேயே செரித்துக்கொண்டிருந்தது.
தோல் பவளம் எதையும் நீட்டவில்லை;
தண்ணீரில் கசப்பை மட்டும் கரைத்துவிட்டு
சும்மா இருந்தது.

என் மொழியில்
போருக்குப் போகிறவர்கள் பூச்சூடிப் போனார்கள்.
ஆநிரை கவர ஒரு பூ,
மதில் காக்க ஒரு பூ,
வென்று வந்தால் வேறொரு பூ.
பூவே படையெடுக்கும் என்று
ஒருவரும் திணை வகுத்து வைக்கவில்லை.

எழுப்பினாள் தம்பியை.
"ஒண்ணை வித்துடலாம்" என்றான், கண் திறக்காமல்.
"எதை?"
அதற்கு அவன் திரும்பிப் படுத்தான்.
பிறகு எழுந்துவந்து ஸ்கேல் தேடினான்.
ஸ்கேல் வழக்கம்போல் இல்லை.
ஸ்லாவ்கா
கண்ணாடியில் கையை விரித்து வைத்தாள்:
கேலக்ஸியாவில் கட்டைவிரல்,
அந்த நூல் போய் முடிகிற இடத்தில் சுண்டுவிரல்.
மூன்று விரற்கடை அல்ல.
முழுதாக ஒரு சாண்.

ஞாயிற்றுக்கிழமை உளியால் தட்டிப் பெயர்த்தார்கள்.
கத்லெத்ஸ் கீழிருந்து
துடைப்பக் கட்டையால் பதில் தட்டினார்.
கேலக்ஸியா இப்போது தொட்டியின் மறுகோடியில்,
பார்க்க அழகாக, தனியாக,
ராத்திரி முழுக்க
வெறும் தண்ணீரைத் தடவிக்கொண்டு.

காலியான இடத்தில் யாரும் எதுவும் வைக்கவில்லை.
பச்சைக் கம்பளப் பவளம் ஒன்று
பின்பக்கமாக ஏறத் தொடங்கியிருக்கிறது.
டார்ச்சின் மூன்று மொட்டைத் தலைகளில் பாசி.

நண்டை மேலே விட வேண்டும்,
இருவருமே சொல்கிறார்கள்.
பம்பு கழுவும் நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

நேற்று பஞ்சில் ஒரு வெற்று ஓடு கிடந்தது.
செத்துவிட்டது என்று நினைத்து
ஓதகார் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பம்புக்குப் பின்னால்
புதுத்தோல் காயாமல் அது பதுங்கியிருந்தது.

ஸ்லாவ்கா அந்த ஓட்டை உள்ளங்கையில் வைத்து
கொடுக்கைப் பிரித்து நீட்டிப் பார்த்தாள்.
எவ்வளவு இழுத்தும்
ஒரு விரற்கடை வரவில்லை.