பால் முடிந்துவிட்டது

செங்கலடிச் சந்தியில்
போட்டோகொப்பிக் கடைக்கு மேலே
ஆங்கில வகுப்பு.
முப்பது பேருக்கு ஒரே ஒரு காற்றாடி.

இன்று நாங்கள் லண்டனில் இருக்கிறோம்.
துஷ்யந்தினி கடைக்காரி,
நான் பால் வாங்கப் போனவள்.
‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’ என்று தொடங்கி
பால் முடிந்துவிட்டது என்கிறாள்
புத்தகத்திலிருந்து தலை தூக்காமல்.

பால் முடிஞ்சதுக்கு ஏன்கா பயப்படுறாய்?
வகுப்பே சிரித்தது.
ஃபெலிசியா மிஸ்ஸும் சிரித்து முடித்துச் சொன்னா:
அது பயமில்லை, மரியாதை.
வெள்ளைக்காரர்
இல்லை என்று சொல்லமுதல்
வாசலில் போடுகிற கால்மிதி.

கதவு திறக்காது.
காலை மட்டும் துடைத்துக்கொள்ளலாம்.

கொப்பியில் எழுதிக்கொண்டேன்.
அடுத்த பாடம்
அறிமுகமில்லாதவரோடு வானிலை பேசுதல்.
‘இன்று நல்ல குளிர், இல்லையா?’
முதுகில் சட்டை ஒட்டிக் கிடந்தது.

பஸ் வந்தாறுமூலை தாண்டும்போதுதான்
அந்தக் கடிதம் ஞாபகம் வந்தது.
அண்ணனின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை,
கொழும்பு முத்திரை,
மூன்றே வரி ஆங்கிலம்.
பத்தாம் வகுப்பில் இருந்தேன்.
அகராதியை மடியில் வைத்து
அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்:
‘உங்கள் மகனைப் பற்றி
எங்களிடம் விவரம் எதுவும் இல்லையென்று
பயப்படுகிறோம்.’

அம்மா சுளகைக் கீழே வைத்தா.
கனநேரம் பேசவில்லை.
மறுகா சொன்னா,
‘அவங்களுக்கும் பயம் இரிக்கிதானே.’
அன்றிரவு
நிறைய நாளைக்குப் பிறகு
சோறு தின்றா.

படலையைத் திறக்கும்போதே கேட்கிறா,
‘இண்டைக்கு என்ன படிச்ச?’

வானிலை, என்றேன்.