எழுபத்திரண்டு அறை

ஒரு படிவத்துக்குப் பதினெட்டு ரூபாய்.
பெட்ரோல் என்னுடையது, வெயிலும்.
பள்ளத்தூரில் அன்றைக்குப் பதினோராவது வாசல்:
இந்தத் தெருவில் தொடங்கி
அடுத்த தெருவில் முடிகிற வீடு.
முன்கதவில் எண், பின்கதவில் ஆள்.

திறந்தவள் சுபிக்ஷா, ஏழாம் வகுப்பு.
அந்த 'க்ஷ'வைக் கைப்பேசியில் தேடிப் பிடிப்பதற்குள்
அவள் இடுப்பிலிருந்த தம்பி
என் அடையாள அட்டையைச் சப்பத் தொடங்கியிருந்தான்.
அம்மா புதுவயல் மில்லில், உமி அள்ள.
அப்பா?
"திருப்பூரு" என்றாள்.
கொஞ்சம் யோசித்து, "போன தீவாளிக்கு" என்றாள்.

பெரியவர் இல்லாமல் கேட்கக் கூடாது என்பது விதி.
இன்னும் ஏழு வீடு என்பது பொழுது.
கேட்டேன்.

தரை?
"இத்தாலிப் பளிங்கு."
கூரை?
"பர்மாத் தேக்கு. ஹால்ல பெல்ஜியம் கண்ணாடி."
வெள்ளைக்காரர்களைக் கூட்டி வருகிறவர்
சொல்லும் ராகம் அப்படியே இருந்தது.
அறை?
"எழுவத்திரெண்டு.
ரெண்டு பூட்டு தொறக்காது."

சொன்னதைச் சொன்னபடி தட்டினேன்.
ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு
செயலி பச்சையில் தீர்ப்பெழுதியது:
வசதியான குடும்பம்.

முட்டை?
"பள்ளிக்கூடம் உள்ள நாளெல்லாம்."
மே மாதத்தில்?
தம்பியின் மூக்கைத் துடைத்துவிட்டாள்.
கறி?
"ஷூட்டிங் வந்தா."
போன மாதம் கல்யாண சீன், மூன்று நாள் எடுத்தார்கள்,
மிஞ்சியதைத் தூக்குவாளியில் தந்தார்கள்.
"மூணு நாளும் இவன் அழுகவே இல்லக்கா."

அவன் மேற்கையில் நாடாவைச் சுற்றினேன்.
பச்சையைத் தாண்டி, மஞ்சளைத் தாண்டி
சிவப்பின் விளிம்பில் நின்றது.
தரை மூன்றாம் பக்கம், கை ஒன்பதாம் பக்கம்.
பக்கத்துக்குப் பக்கம்
பேச்சுவார்த்தை இல்லை செயலியில்.

படிவத்தில் இல்லாததைக் கேட்டேன்:
நீங்க எங்க படுப்பீங்க?

இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு,
ஆயிரம் பேருக்கு உலை வைத்த அடுப்படி,
அதற்கும் பின்னால்
கார் நின்ற கொட்டகை.
எலிக்கு எட்டாத உயரத்தில் புத்தகப் பை.
மூன்று தட்டு. ஒரு கொடி.
ஆணியில் பொய்க் கல்யாணத்தின்
பிளாஸ்டிக் மாலை.

பதினெட்டு ரூபாயை அழித்தேன்.
முதலிலிருந்து.
தரை: சிமெண்ட், பெயர்ந்தது.
கூரை: ஆஸ்பெஸ்டாஸ்.
அறை: ஒன்று.
என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
பெருக்கி வைத்த அறைகளை ஒவ்வொன்றாய்
யாரோ தூக்கிப் போவதுபோல.

"அப்ப நாங்க ஏழையாக்கா?"

சிவகங்கையில் இரண்டு நாள் பயிற்சி தந்தார்கள்.
திரையில் 'வறுமையின் பல பரிமாணங்கள்' ஓடியது,
வடையும் டீயும் வந்தன.
வடை ஞாபகமிருக்கிறது.
"இப்படி எழுதுனாத்தான் தம்பிக்கு மாவு வரும்" என்றேன்.
அவள் கேட்டது அதையில்லை.

"எழுதிக்கங்க.
ஆனா நான் கூட்டுறது எழுவத்திரெண்டு.
இல்ல, எழுவது. ரெண்டு பூட்டு தொறக்காதுல்ல."

எப்போது?
"சனி, ஞாயிறு. ஆளு வந்தா அன்னைக்கும்.
அன்னைக்கு லீவு போட்டுருவேன்."
கூலி?
"அதான் தங்க விடுறாங்கல்ல."

கேள்வி முப்பத்தொன்று:
இவ்வீட்டுக் குழந்தைகள் எவரேனும்
வேலை செய்கிறார்களா?
காலையிலிருந்து பத்து வீட்டிலும்
வாயைத் திறந்து கேட்காமலே
'இல்லை' தட்டியிருந்தேன்.
வீட்டுக்கு ஒரு நிமிடம் மிச்சம்.

'ஆம்' என்றேன்.
ஒன்பது புதுக் கேள்விகள் திறந்தன.
எத்தனை மணி நேரம், யாருக்காக,
மறுத்தால் என்ன ஆகும்.

பின்கதவு கிரீச்சிட்டது.
முடியெல்லாம் உமியோடு வந்து நின்றவர்
என்னைப் பார்க்கவில்லை.
கைப்பேசியைப் பார்த்தார்,
பிறகு மகளை.

"என்னத்தடி சொல்லி வச்ச?"